துரை மாற்றாத பேர்

பண்டாரவளையில் யாரிடமாவது பூர்வீகத்தைப் பற்றிப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். மூன்றாவது வாக்கியத்தில் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை வந்துவிடுவான். "எங்க தாத்தாவுக்கு உண்மையான பேர் வேற. வெள்ளைக்காரனுக்கு வாயில நுழையல, மாத்தி எழுதிட்டான். அதோட எல்லாம் போச்சு." பூனாகலையில் கேட்டாலும் இதுதான், அப்புத்தளையில் கேட்டாலும் இதுதான். 2023இல், தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்த மலையகத் தமிழருக்கு இருநூறு ஆண்டு என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, அந்த நாட்களில் போட்ட மேடைகளிலும் இதைக் கேட்டேன். கூடவே ஒட்டிக்கொண்டு இன்னும் இரண்டு வரும்: நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, ஆகவே வேர் தேட முடியாது, நமக்கு ஆவணமும் கிடையாது, ஆகவே தேடத் தொடங்கவும் முடியாது.

கேட்டவுடன் மனது இளகும் கதை. துரை நல்லவன் என்று வாதாட நான் வரவில்லை. அவன் கணக்கில் எழுத வேண்டியவை நிறைய உண்டு. ஆனால் இந்தக் குற்றம் பெரும்பாலும் அவனுடையதல்ல. செய்யாத குற்றத்தை அவன் தலையில் கட்டும்போது, செய்தவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள். அதைவிட மோசம், நம் பாட்டன்மார் தம் கையால் செய்த ஒரு காரியம் மறைந்துபோகிறது.

இதே கதை அமெரிக்காவிலும் உண்டு. அங்கே துரையின் இடத்தில் எல்லிஸ் தீவின் குடிவரவு எழுத்தர் உட்கார்ந்திருப்பார். சிசிலியிலிருந்தும் நேப்பிள்ஸிலிருந்தும் கப்பலேறிப்போன இத்தாலியரின் பேரப்பிள்ளைகள் ஆயிரக்கணக்கானோர் "எங்கள் பெயரை எல்லிஸ் தீவில் மாற்றிவிட்டார்கள்" என்று சத்தியம் செய்வார்கள். 1974இல் வந்த 'காட்ஃபாதர்' இரண்டாம் பாகம் அந்த நம்பிக்கைக்குத் திரையில் ஒரு காட்சியும் கொடுத்தது: விட்டோ என்ற சிறுவனின் ஊர்ப்பெயரே அவன் குடும்பப் பெயராகிவிடும். நடந்ததோ வேறு. 1892 முதல் 1954 வரை அந்தத் தீவு வழியாக ஏறக்குறைய ஒரு கோடியே இருபது லட்சம் பேர் போயிருக்கிறார்கள். அங்கிருந்த எழுத்தர் எவருக்கும் புதுப்பெயர் எழுதவில்லை. பயணிகள் பட்டியலைக் கப்பல் கம்பனிதான் எழுதியது, அதுவும் ஏறிய துறைமுகத்தில். தீவில் இருந்தவர் வேலை அந்தப் பட்டியலை வைத்துச் சரிபார்ப்பது. பக்கத்தில் மொழிபெயர்ப்பாளரும் இருந்தார். பெயர்கள் மாறியது பிறகு: பள்ளிக்கூடத்தில், வேலைத்தலத்தில், குடியுரிமைக்கு மனுப்போட்ட நாளில். மாற்றியவர்கள் அவர்களேதான்.

இப்போது நம் தோட்டத்துக்கு வருவோம். காலைப் பிரட்டில், அதாவது ஆள் கணக்கெடுப்பில், பேர் எழுதியவர் யார்? துரை குதிரையில் வந்து நின்றிருக்கலாம். ஆளைக் கூட்டிவந்தவர் கங்காணி. அவர் ஊரார், உறவுக்காரர், தமிழர். கணக்குப் புத்தகத்தைப் பிடித்திருந்தவர் கணக்கப்பிள்ளை. அவருக்கும் 'கருப்பன்' என்று எழுத நன்றாகத் தெரியும். அந்தப் பட்டியலை வைத்துத்தான் ஆபீஸ் கிளாக்கர் ஆங்கிலத்தில் செக்றோல் என்ற ஆள்பதிவேடு போட்டார். அங்கே எழுத்து வளைந்தது, உண்மை. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பெயர் பிறகு சிங்களத்துக்குப் போனபோது இன்னொரு முறை வளைந்தது. சிங்களத்தில் ழகரம் இல்லாததால் அழகம்மா அலகம்மா ஆனாள். இது எழுத்துப் பிழை. எழுத்துப் பிழையை ஒலித்துப் பார்த்தால் பழைய பெயர் அப்படியே வெளியே வந்துவிடும். அதைப் பெயர் அழிப்பு என்று சொல்வது அழிப்பு என்ற சொல்லை மலிவாக்குவது.

துரைமார் ஆளின் பெயரைப் பொருட்டாகவே மதிக்கவில்லை என்பது வேறு உண்மை. அவர்களுக்கு வேண்டியது எண். கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தவர்கள் கழுத்தில் ஒரு தகரத் துண்டு தொங்கியது. மாவட்டத்துக்கு ஓர் எழுத்து, தோட்டத்துக்கு ஓர் எண், ஆளுக்கு ஓர் எண். பெயரை மாற்ற வேண்டிய தேவையே அவர்களுக்கு இல்லை. பெயர் இல்லாமலே வேலை நடந்தது.

தோட்டத்துப் பேச்சில் 'பேர்' என்றால் என்ன என்று வெளியூரார் பலருக்குத் தெரியாது. ஒரு நாள் கூலிதான் பேர். நிறைவான கொழுந்துக்கு முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர். "இன்னைக்குப் பேர் விழுந்துச்சா?" என்று ஒருத்தி கேட்டால் அவள் சம்பளத்தைக் கேட்கிறாள். பெயரும் கூலியும் ஒரே சொல்லாகிவிட்ட இடத்தில், கூலிக்காகப் பெயரை மாற்றிக்கொள்வது பாவமாகத் தெரிந்திருக்குமா? வயது போதாத பிள்ளை, மூத்தது ஒன்று இறந்திருந்தால் அதன் பிறப்புச் சான்றிதழில் செக்றோலில் ஏறியது. ஊருக்குப் போனவரின் பேரில் அவர் தம்பி நின்றார். ஒருவர் குடியிருக்கும் லயத்து வரிசை வீட்டில் ஒரு பேர், ஆபீசில் ஒரு பேர் என்று வாழ்ந்து, கடைசியில் சேமலாப நிதியை எடுக்கப் போகும்போது இரண்டும் ஒட்டாமல் சத்தியக் கடதாசி முடித்தார். "இன்னார் என்பவரும் இன்னார் என்பவரும் ஒருவரே" என்று சமாதான நீதவான் முன் கையெழுத்திட்ட அந்தத் தாளைக் குடும்பங்கள் அவமானமாக நினைத்து ஒளிக்கின்றன. வேர் தேடுகிறவனுக்கு அதைவிட நல்ல தாள் கிடையாது. பழைய பேரும் புதிய பேரும் ஒரே வரியில் இருக்கின்றன, தேதியோடு.

மாற்றத்தின் பெரிய பங்கு இதற்கும் அப்பால். முதல் தலைமுறைப் பெயர்களைப் பாருங்கள்: கருப்பன், சின்னான், குப்பன், சடையன், மூக்காயி. அடுத்த தலைமுறை: கருப்பையா, சின்னையா, குப்புசாமி, மூக்கம்மா. அந்த 'ஐயா'வும் 'சாமி'யும் எங்கிருந்து வந்தன? துரை கொடுத்தானா? கிராமத்தில் மேல்சாதித் தெருவில் 'அடே கருப்பா' என்று கூப்பிடப்பட்டவனுக்கு, பெயருக்குப் பின்னால் மரியாதை விகுதி வைத்துக்கொள்ள ஊர் விட்டதில்லை. கடல் தாண்டிய பிறகு, அந்தத் தெரு கண்ணுக்கு எட்டாத தூரத்தில், அவன் தன் மகனுக்கு அந்த விகுதியைத் தானே சூட்டினான். தோட்டத்தில் சாதி செத்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. லயங்களைப் பிரித்ததிலும் கோயில் முதல் மரியாதையிலும் அது உயிரோடு இருந்தது. ஆனாலும் பெயரில் அதன் பிடி தளர்ந்தது.

1939இல் நேரு இலங்கைக்கு வந்து போனார். இலங்கை இந்தியக் காங்கிரஸ் பிறந்தது. காந்தி, நேரு, சுபாஷ் என்று பிள்ளைகளுக்குப் பெயர் வைப்பது பரவியது. பிறகு இளஞ்செழியனின் இலங்கைத் திராவிட முன்னேற்றக் கழகம் லயங்களுக்குள் புகுந்தது. அன்பழகனும் தமிழ்ச்செல்வியும் பிறந்தார்கள். அதற்குப் பிறகு சினிமா. அதை விளக்க வேண்டியதில்லை. கிறிஸ்தவ வேதத்துக்கு மாறிய குடும்பங்களில் சூசையும் அந்தோனியும் வந்தார்கள். இங்கே ஒரு வேடிக்கை: பண்டாரவளை இருக்கும் ஊவாவின் கத்தோலிக்கர் 1972இல் பதுளை மறைமாவட்டம் அமையும்வரை கண்டி மறைமாவட்டத்தில் இருந்தார்கள். கண்டியின் முதல் ஆயர் கிளமென்ட் பன்யானி இத்தாலியர், சில்வெஸ்திரைன் பெனடிக்ட் சபைத் துறவி. அந்தப் பக்கத்துப் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகள் சிலவற்றில் முனியாண்டி மகனின் பெயரை எழுதியது ஓர் இத்தாலியக் கையாக இருக்கலாம். அந்தக் கையும் தகப்பன் பெயரை விடவில்லை. ஞானத்தாய் தந்தையராக நின்ற உறவுக்காரர் பெயரையும் விடவில்லை.

பெயர் மாற்றும் கை நமக்கும் உண்டு என்பதற்குச் சான்று வேண்டுமா? ஹப்புத்தலையை அப்புத்தளை ஆக்கியது யார்? பண்டாரவெலவைப் பண்டாரவளை ஆக்கி, கொஸ்லந்தவைக் கொஸ்லாந்தை ஆக்கியது யார்? ஸ்கொட்லாந்துக்காரன் தன் ஊர்ப்பெயரை வைத்த தோட்டங்களுக்கெல்லாம் தமிழர் தனியாக ஒரு பெயர் வைத்தார்கள். அது இல்லாமல் தொழில் நடக்காது என்பதால், துரைமார் பார்க்கும் பெர்குசன் டைரக்டரி தோட்டங்களின் தமிழ்ப் பெயர்களையும் சேர்த்து அச்சிட்டது. மலையையே பெயர் மாற்றிய கூட்டம், தன் பெயரை மட்டும் எவனோ மாற்ற விட்டுவிட்டு நின்றது என்பது எனக்கு நம்பும்படி இல்லை.

சரி, குடும்பப் பெயர் இல்லையே என்கிறார்கள். இல்லைதான். அதனால் என்ன? குடும்பப் பெயர்தான் வேர் என்பது ஐரோப்பியன் தன் வீட்டில் பயன்படுத்தும் அளவுகோல், அங்கேயே அது வளைந்த கோல். நேப்பிள்ஸ் பக்கம் மிகச் சாதாரணமான எஸ்போசிட்டோ என்ற குடும்பப் பெயர், பெற்றோர் விட்டுச்சென்ற குழந்தைகளுக்கு வைக்கப்பட்ட பெயர். அதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினால் ஓர் அனாதை விடுதியின் வாசலில் நிற்போம். இத்தாலியரை மேலே ஏற்றிவிடுவது பெயரைவிட ஊராட்சிப் பதிவேடு. எந்த ஊர் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது என்று அங்கே தேடுகிறவர்கள் சொல்வார்கள்.

நமக்கும் ஊர்தான் சாவி. அது பெயருக்குள் இல்லை; கங்காணிக்குள் இருக்கிறது. பிஜிக்கும் மொரிசியசுக்கும் போனவர்கள் ஒப்பந்தக் கூலிகள், டிப்போவில் முகம் தெரியாதவர்களோடு சேர்க்கப்பட்டவர்கள். இலங்கைக்கு வந்தவர்கள் கங்காணியோடு வந்தார்கள். பெரிய கங்காணியின் கீழ் சில்லறைக் கங்காணிகள், ஒவ்வொருவர் கீழும் பங்காளிகள், மாமன் மச்சான்கள், அதே ஊரின் நாலு தெருக்காரர். துறையூரிலிருந்து வந்த கங்காணியின் பிரட்டில் திருநெல்வேலிக்காரர் நிற்பது அபூர்வம். ஆகவே பாட்டியிடம் தாத்தாவின் 'உண்மையான' பேரைக் கேட்டு நேரத்தை வீணாக்காமல், எந்தக் கங்காணி ஆள் என்று கேட்பவனுக்கு வழி திறக்கும். தோட்டத்தின் எந்தப் பிரிவு, மேல் கணக்கா கீழ் கணக்கா, எந்த லயம்? அந்தக் கங்காணி குடும்பம் ஊரோடு கடிதப் போக்குவரத்து வைத்திருந்தது, நிலம் வாங்கியது, கோயிலுக்கு மணி போட்டது. அது தடயமில்லாமல் போவது அரிது.

அடுத்தது குலதெய்வம். தோட்டத்தில் புதிதாகப் பிறந்த சாமிகள் உண்டு: தொழிற்சாலை ரோதையில் குடியிருக்கும் ரோதைமுனி, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக்குக் காவல் நிற்கும் கவ்வாத்துச்சாமி. இவை இந்த மண்ணின் பிள்ளைகள். அவற்றோடு, பிடிமண் கொண்டுவந்து வைத்த சாமியும் ஒன்று இருக்கும். வருசத்துக்கு ஒரு தடவை சில குடும்பங்கள் மட்டும் தனியாகக் கும்பிடும். அந்தச் சாமியின் பெயரும், யார் யார் சேர்ந்து கும்பிடுகிறார்கள் என்பதும், பங்காளி வட்டத்தின் வரைபடம். பெயரை மாற்றியவன்கூட அதை மாற்றவில்லை. பெண் எடுக்கும்போது அது வேண்டியிருந்தது. குடும்பப் பெயரைவிட உறுதியான கயிறு இது. கடவுச்சீட்டில் இதற்குப் பெட்டி இல்லை, அவ்வளவே.

கடவுச்சீட்டில் உள்ள பெட்டிதான் இன்றைக்கு நிஜமாகவே பெயரை மாற்றுகிறது. குடும்பப் பெயர் எழுது என்கிறது படிவம். நாம் தகப்பன் பெயரை எழுதுகிறோம். அடுத்த தலைமுறையில் இன்னொரு தகப்பன் பெயர் வந்து உட்காரும். சிசிலிக்காரர் கப்பலேறிப்போன பலெர்மோவில் இன்று தமிழர்கள் வாழ்கிறார்கள். அங்கே வரி அடையாள எண் தொடங்குவதே குடும்பப் பெயரின் மெய்யெழுத்துகளில்தான். செத்துப்போன தகப்பனின் மூன்று எழுத்து, மகனின் வரி எண்ணாக இத்தாலியில் உலாவுகிறது. நூறு வருசம் கழித்து யாராவது அங்கே உட்கார்ந்து, குடிவரவு எழுத்தர் மாற்றிவிட்டார் என்று சொல்லக்கூடும்.

ஆவணம் இல்லை என்ற மூன்றாவது கூற்றுக்குத்தான் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது. இந்தத் தீவில் எந்தச் சமூகத்திடம் பூட்டன்வரை சான்று கேட்டார்கள்? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நவம்பர் 15ஆம் தேதி அமுலுக்கு வந்தது. இலங்கையில் பிறந்தவன் என்பது போதாது என்றது. தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும்; இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். தோட்டத்தில் பிறப்புப் பதிவு ஒழுங்காக நடவாத காலத்தில் பிறந்த தகப்பனுக்குச் சான்றிதழ் எங்கே போய் எடுப்பது? இத்தாலிய வம்சாவளி அமெரிக்கரும் ஆர்ஜென்டினரும் பூட்டன் பதிவைத் தேடியது ஐரோப்பியக் கடவுச்சீட்டுக்காக. 2025இல் இத்தாலி அதைப் பாட்டன்வரை என்று குறுக்கியபோது எழுந்த கூக்குரலை உலகம் கேட்டது. நம்மிடம் அதே பூட்டனைக் கேட்டது, இருந்த உரிமையைப் பறிக்க. அடுத்த வருடம் 1949இன் 3ஆம் இலக்கச் சட்டம்: தொடர்ந்து வசித்ததை நிரூபித்தால் பதிவுப் பிரஜை ஆகலாம். 1951 ஆகஸ்ட் 5 கடைசி நாள். ஏறக்குறைய 2,37,000 விண்ணப்பங்கள், அவற்றுக்குள் எட்டு லட்சத்துக்கு மேற்பட்ட மனிதர். கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. பெயர் ஒரு தாளில் ஒரு மாதிரி, இன்னொன்றில் இன்னொரு மாதிரி என்பதுபோன்ற அற்பக் காரணங்களும் நிராகரிக்கப் போதுமாயின.

பெயர்கள் உறைந்தது அந்த நாட்களில்தான். அதுவரை ஆறுபோல ஓடிய பேர், அந்த விண்ணப்பத்தில் எழுதப்பட்ட வடிவத்தில் கட்டியானது. தாளோடு தாள் ஒத்துப்போக வேண்டுமென்று குடும்பங்கள் உட்கார்ந்து பேர்களைச் சரிசெய்தன. செய்வித்தது சுதந்திர நாட்டின் பாராளுமன்றம். துரை அப்போது தேயிலை விலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "வெள்ளைக்காரன் மாத்திட்டான்" என்ற கதை யாருக்கு வசதி என்று இப்போது யோசியுங்கள்.

இவ்வளவு கேள்வி கேட்கப்பட்ட மக்களிடம் தாள் இல்லாமல் இருக்குமா? பிரஜாவுரிமைக் கோப்புகள், செக்றோல், தோட்டத்துப் பிறப்பு இறப்புப் பதிவு, பள்ளிக்கூடச் சேர்வு இடாப்பு. 1964 அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் 9,75,000 பேரைக் கணக்குப் பிரித்தபோது இன்னொரு அடுக்குத் தாள். இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, ராமானுஜம் கப்பலில் ஏறி மண்டபம் முகாம் சேர்ந்தவர்களிடம் குடும்ப அட்டை இருந்தது. கூடலூரிலோ கோத்தகிரியிலோ இருக்கும் சித்தப்பா வீட்டுப் பெட்டியில் அது இன்னும் இருக்கலாம். பண்டாரவளையில் தொலைந்தது நீலகிரியில் கிடைக்கும். தேடுகிறவர்கள் இந்தத் திசையை ஏனோ மறந்துவிடுகிறார்கள்.

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். கோப்பிக் காலத்தில் நடந்து வந்தவர்களுக்கு, அதாவது இன்றைக்கு நூற்றைம்பது வருசத்துக்கு முந்தியவர்களுக்கு, ஆளுக்கு ஆள் எழுதிவைத்த தாள் அநேகமாக இல்லை. மொரிசியசில் ஒப்பந்தக் கூலிகளின் புகைப்படம்கூட இருக்கிறது; கங்காணி முறை அந்த மாதிரிக் காகிதத்தை விட்டுவைக்கவில்லை. வழியில் செத்தவர்களின் பெயரை எவரும் எழுதவில்லை. 2014 அக்டோபர் 29ஆம் தேதி மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களோடு றங்குப் பெட்டிகளும் மண்ணுக்குள் போயின. இவை உண்மையான இழப்புகள். ஆனால் இந்தியா 1939இல் கூலியாட்கள் வருவதைத் தடைசெய்துவிட்டது. பல குடும்பங்களுக்குக் கடைசியாகக் கடல் தாண்டிய ஆள் மூன்று அல்லது நான்கு பெயர் தூரத்தில்தான் நிற்கிறார். எட்டாத உயரம் அல்ல.

வேறு விதமாக எதிர்ப்பவர்களும் உண்டு. ஊர் தேடினால் 'இந்தியன்' என்ற முத்திரையை நாமே அழுத்தமாகக் குத்திக்கொள்கிறோம், கள்ளத்தோணி என்று ஏசியவர்களுக்கு ஆயுதம் கொடுக்கிறோம் என்கிறார்கள். அச்சம் புரிகிறது. 1911 குடிசன மதிப்பிலிருந்து நம்மைத் தனிப் பெட்டியில் போட்டார்கள். ஆனால் 2003இல் புதுச் சட்டம் இயற்றிப் பிரஜாவுரிமை வந்தது பூட்டன் ஊரை மறந்ததால் அல்ல. நூறு வருசத்துக்கு மேல் இங்கே உழைத்ததால். வெலிமடையில் பிறந்தவன் முசிறியில் குலதெய்வத்தைக் கும்பிட்டுவிட்டு வெலிமடைக்கே திரும்பி வரலாம். சிசிலிக்குப் போய்வந்த நியூயோர்க்காரனிடம் எவரும் நீ எந்த நாடு என்று கேட்பதில்லையே.

இலங்கைப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றை எடுத்துப் பாருங்கள். பாட்டனார் இலங்கையிற் பிறந்திருந்தால் அவர் முழுப்பெயர், பிறந்த ஆண்டு, இடம் என்று ஒரு கூடு. தந்தை இலங்கையிற் பிறவாமல் பூட்டனார் இலங்கையிற் பிறந்திருந்தால் அவர் விபரம் என்று அடுத்த கூடு. 1948இன் கேள்வி குழந்தையின் தாளிலும் அச்சாகியிருக்கும். தோட்டத்துச் சான்றிதழ்கள் பலவற்றில் அந்த இரண்டு கூடுகளிலும் பதிவாளர் ஒரு கோடு இழுத்திருப்பார். பல வீடுகளில் அந்தப் பாட்டன் அப்புத்தளை லயமொன்றில் பிறந்தவர். அவர் பிறந்த இடம் அவர் மகளுக்குத் தெரியும், அவள் இன்னும் உயிரோடு இருக்கிறாள். சான்றிதழ் எழுதிய நாளில் அவளை யாரும் கேட்கவில்லை.